சிஎஃப்ஜிமேக்கர் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

எம்ஆர்டிஜி என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள் பழைய ஆள்தான். டோபியாஸ் ஓட்டிக்கர் 1995-இல் எழுதி வெளியிட்டது. இன்றைக்கும் எத்தனையோ சர்வர் அறைகளில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடி, லீஸ்டு லைனில் எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு வேண்டிய கான்ஃபிக் கோப்பை யாரும் கையால் எழுதுவதில்லை. ரவுட்டரின் முகவரியையும் கம்யூனிட்டி சொல்லையும் (கடவுச்சொல் மாதிரி) கொடுத்தால் அதோடு வரும் சிஎஃப்ஜிமேக்கர் என்ற கருவி எழுதித் தந்துவிடும். தராமல் அடம்பிடிக்கும்போது எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது, எங்கே நிறுத்திக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிஎஃப்ஜிமேக்கர் சொந்தமாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. சாதனம் எஸ்என்எம்பி (சாதனங்களிடம் நிலவரம் கேட்கும் நெறிமுறை) வழியாகச் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளும் குமாஸ்தா அது. கோப்பு தப்பாக வந்தால் முதலில் சாதனத்தைக் கேளுங்கள், அப்புறம் கட்டளையைத் திருத்துங்கள். தலைகீழாகப் போகிறவர்கள்தான் ஆப்ஷன்களை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு மதியத்தையே தொலைக்கிறார்கள்.

கட்டளை, ஆப்ஷன் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழெழுத்தில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சாதனத்திடம் எஸ்என்எம்பி மதிப்புகளை வரிசையாகக் கேட்டு வாங்கும் எஸ்என்எம்பிவாக் கட்டளை வேண்டும், கீழே சுருக்கமாக வாக். டெபியன், உபுண்டுவில் எஸ்என்எம்பி என்ற பொதியை நிறுவினால் வரும். எம்ஐபி பெயர்கள் (அந்த மதிப்புகளின் எண்களுக்கு வைத்த பெயர்கள்) அதோடு சேர்ந்து வராது என்பதால் கீழே எல்லா இடத்திலும் எண்களையே கொடுத்திருக்கிறேன். அடுத்தது, கம்பியில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப். மூன்றாவது, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக் கோப்பின் நகல். சிஎஃப்ஜிமேக்கர் பழைய கோப்பின் மேலேயே எழுதும், கேட்காது. நகல் எடுக்காமல் எதையும் தொடாதீர்கள்.

## அறிகுறி 1: "நோ ரெஸ்பான்ஸ் ரிசீவ்ட்" என்று வந்து நின்றுவிடுகிறது

அடிக்கடி வருவது இதுதான். கட்டளையைத் தட்டியதும் சில விநாடிகள் அசையாமல் இருக்கும். பிறகு எஸ்என்எம்பி எரர் என்று தொடங்கி, முகவரி, 161 என்ற போர்ட் எண், டைம்அவுட் 2 விநாடி, ரீட்ரை 5 என்று ஒரு நீளமான செய்தி வரும்.

உடனே எல்லாரும் செய்வது பிங். பிங் போகவில்லை என்றால் இது கேபிள் அல்லது ரூட்டிங் விவகாரம், இந்தக் கட்டுரை உதவாது. பிங் போகிறது என்றால் சாதனம் உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். எஸ்என்எம்பி வருவது யுடிபி 161-இல். பிங்குக்குத் திறந்த கதவு அதற்கும் திறந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பிங் போயும் பதில் இல்லையென்றால் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். முதலாவது, கம்யூனிட்டி சொல் தப்பு. சிறிய எழுத்து, பெரிய எழுத்து எல்லாம் பார்க்கும். எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், தப்பான சொல் கொடுத்தால் "தப்பு" என்று சாதனம் பதில் சொல்லாது. பேசாமல் இருந்துவிடும். அதனால் தப்பான சொல்லும் அணைந்துபோன ரவுட்டரும் வெளியே இருந்து பார்க்க ஒரே மாதிரிதான். இப்படிச் சோதியுங்கள்: எஸ்என்எம்பிவாக் கட்டளையில் வெர்ஷன் 2சி என்று போட்டு, கம்யூனிட்டி சொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் கொடுத்து, முகவரிக்குப் பின்னால் 1.3.6.1.2.1.1 என்று தட்டுங்கள். சாதனத்தின் பெயர், ஓடிக்கொண்டிருக்கும் நேரம் எல்லாம் வந்தால் சொல் சரி.

சொல்லுக்குள் டாலர் குறியோ ஆச்சரியக்குறியோ இருந்தால் ஒற்றை மேற்கோள் கட்டாயம். இல்லாவிட்டால் ஷெல் அதைத் தின்றுவிடும். உள்ளே @ குறியோ இடைவெளியோ இருந்தால் கான்ஃபிக் கோப்பில் அதற்கு முன்னால் பின்சாய்வுக் கோடு இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்து நீளமாக ஒரு சொல் வைத்துக்கொள்வது உத்தமம். சிறப்புக் குறிகளால் இங்கே கிடைக்கும் பாதுகாப்பு சொற்பம், தலைவலி நிறைய. வெர்ஷன் 1, 2சி இரண்டிலும் அந்தச் சொல் மறையாக்கம் இல்லாமல்தான் கம்பியில் போகிறது.

வாக் பதில் தருகிறது, சிஎஃப்ஜிமேக்கருக்கு மட்டும் பதில் இல்லை. நீங்கள் வாக்கில் 2சி போட்டீர்கள். சிஎஃப்ஜிமேக்கர் சொல்லாவிட்டால் வெர்ஷன் 1-இல்தான் கேட்கும். சாதனத்தில் வெர்ஷன் 1 அணைக்கப்பட்டிருந்தால் மௌனம்தான் பதில். முகவரிக்குப் பின்னால் ஐந்து முக்காற்புள்ளி வைத்து 2 என்று சேர்த்துவிடுங்கள்: 10.0.0.1:::::2 என்பது போல. போர்ட், டைம்அவுட், ரீட்ரை, பேக்ஆஃப் என்ற நான்கும் நடுவில் காலியாக விடப்பட்டு, கடைசியில் வருவது வெர்ஷன். ஒரு முக்காற்புள்ளி குறைந்தால் அந்த 2 பேக்ஆஃப் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிழைச் செய்தி எதுவும் வராது. எண்ணிப் பாருங்கள்.

சாதனத்தில் எஸ்என்எம்பி திறக்கப்படவே இல்லை. மைக்ரோடிக்கில் அது தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். சிஸ்கோவில் கம்யூனிட்டி வரி ஒன்று எழுதாமல் பதில் வராது. வீட்டு ரவுட்டரின் மெனுவில் எஸ்என்எம்பி என்ற சொல்லே இல்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

சாதனம் உங்கள் சர்வரை அனுமதிக்கவில்லை. சிஸ்கோவின் கம்யூனிட்டி வரியின் கடைசியில் அணுகல் பட்டியல் எண் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மைக்ரோடிக்கில் அதற்கு முகவரிப் பெட்டி உண்டு. சர்வரை வேறு சப்நெட்டுக்கு மாற்றியபோது எல்லா இடத்திலும் ஐபியை மாற்றிவிட்டு இந்தப் பட்டியலை மட்டும் மறப்பது வழக்கம். சர்வருக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தால் எந்த ஐபியிலிருந்து கேள்வி கிளம்புகிறது என்பதையும் பாருங்கள். "ஐபி ரூட் கெட்" என்று தட்டி ரவுட்டரின் முகவரியைக் கொடுத்தால் சொல்லிவிடும்.

கண்காணிப்பது லினக்ஸ் பெட்டி என்றால் இன்னொன்றும் உண்டு. டெபியன், உபுண்டுவில் எஸ்என்எம்பிடி நிறுவியதும் 127.0.0.1-இல் மட்டும்தான் காது கொடுக்கும். அந்தப் பெட்டியிலேயே உட்கார்ந்து சோதித்தால் வேலை செய்யும், வெளியே இருந்து கேட்டால் வேலை செய்யாது. எஸ்என்எம்பிடி.கான்ஃப் கோப்பில் ஏஜென்ட்அட்ரஸ் வரியில் பெட்டியின் உண்மையான ஐபியைச் சேர்த்து, சேவையை மறுபடி தொடங்குங்கள்.

நடுவில் ஃபயர்வால். இத்தனைக்கும் பிறகும் பதில் இல்லையென்றால் ஒரு டெர்மினலில் டிசிபிடம்ப்பை யுடிபி போர்ட் 161 என்ற வடிகட்டியோடு ஓடவிட்டு, இன்னொன்றில் வாக் கொடுங்கள்.

- கேள்வியே கிளம்பவில்லை என்றால்: உங்கள் சர்வரின் ஃபயர்வால் அல்லது ரூட்.
- கேள்வி போகிறது, பதில் வரவில்லை என்றால்: நடுவழி அல்லது சாதனம்.
- பதில் வருகிறது, ஆனால் நீங்கள் கேட்ட ஐபியிலிருந்து இல்லாமல் வேறு ஐபியிலிருந்து வருகிறது என்றால்: ரவுட்டருக்குப் பல முகவரிகள் இருக்கின்றன, அது வேறு வாசல் வழியாகப் பதில் அனுப்புகிறது. உங்கள் சர்வரின் ஃபயர்வாலுக்கு அது சம்பந்தமில்லாத பாக்கெட், தள்ளிவிடும். பதில் எந்த ஐபியிலிருந்து வருகிறதோ அதையே சிஎஃப்ஜிமேக்கருக்குக் கொடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது: இரண்டாவது கிளையில் மாட்டிக்கொண்டு, ரவுட்டரில் நுழைய உங்களுக்கு உரிமையும் இல்லையென்றால் அதற்கு மேல் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. ரவுட்டர் இணைப்பு கொடுத்த நிறுவனத்துடையது என்றால் படிக்க மட்டும் உரிமையுள்ள கம்யூனிட்டி ஒன்றைக் கேட்டு டிக்கெட் போடுங்கள். சிலர் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள். தராவிட்டால் சண்டை போட வேண்டாம். அந்த ரவுட்டர் செருகியிருக்கும் உங்கள் ஸ்விட்ச் போர்ட்டைக் கண்காணியுங்கள். எண்கள் ஏறக்குறைய அதேதான், ரவுட்டரில் அந்தக் கேபிளின் மறுமுனைப் போர்ட் காட்டுவதோடு ஒப்பிட்டால் போகும் பக்கமும் வரும் பக்கமும் மட்டும் இடம் மாறியிருக்கும்.

## அறிகுறி 2: கோப்பு உருவாகிறது, உள்ளே இன்டர்ஃபேஸ் ஒன்றுகூட இல்லை

சாதனத்தின் பெயர், இடம், தொடர்பு விவரம் எல்லாம் அழகாக வந்திருக்கும். அதற்குக் கீழே வர வேண்டிய இன்டர்ஃபேஸ், அதாவது போர்ட், பட்டியல் காலி.

லினக்ஸ் பெட்டி என்றால் காரணத்தைத் தேடவே வேண்டாம். டெபியன் தரும் எஸ்என்எம்பிடி.கான்ஃபில் பப்ளிக் என்ற கம்யூனிட்டிக்கு "சிஸ்டம்ஒன்லி" என்ற பார்வை மட்டும் கொடுக்கப்பட்டிருக்கும். சாதனத்தின் பெயரைப் படிக்கலாம், போர்ட்டுகளைப் படிக்க முடியாது. 1.3.6.1.2.1.2.2.1.2 என்ற எண்ணை வாக் செய்து பாருங்கள். இன்டர்ஃபேஸ் பெயர்கள் வரிசையாக வர வேண்டும். அதற்குப் பதிலாகப் பெயர் ஒன்றும் வராமல் பிழைச் செய்தி மட்டும் வந்தால் இதுவேதான். ஆர்ஓகம்யூனிட்டி வரியை அந்தப் பார்வை இல்லாமல், உங்கள் கண்காணிப்பு சர்வரின் ஐபியைச் சேர்த்து எழுதுங்கள். பப்ளிக் என்ற சொல்லையும் அப்போதே மாற்றிவிடலாம்.

ரவுட்டர், ஸ்விட்ச்சிலும் இதே மாதிரி பார்வைக் கட்டுப்பாடு வைக்க முடியும். வைத்தவர் காரணத்தோடுதான் வைத்திருப்பார். நீங்களாக நீக்காமல் அவரிடம் கேளுங்கள்.

வாக்கில் பட்டியல் வருகிறது, ஆனால் நடுவில் இழுத்து இழுத்து வருகிறது என்றால் அது நூற்றுக்கணக்கான போர்ட் உள்ள பெரிய சேஸியாக இருக்கும், அல்லது அதன் சிபியு திணறிக்கொண்டிருக்கும். டைம்அவுட்டைக் கூட்டுங்கள். முகவரிக்குப் பின்னால் முதல் முக்காற்புள்ளியை அடுத்து வருவது போர்ட், இரண்டாவதை அடுத்து வருவது டைம்அவுட். 5 கொடுத்துப் பாருங்கள். வேலை நேரத்தில் இப்படிப்பட்ட பெட்டியைத் திரும்பத் திரும்ப வாக் செய்யாதீர்கள்.

## அறிகுறி 3: சில போர்ட்டுகள் மட்டும் காணவில்லை

பெரும்பாலும் காணாமல் போயிருக்காது. கோப்பைத் திறந்து மூன்று ஹேஷ் குறியைத் தேடுங்கள். சிஎஃப்ஜிமேக்கர் தனக்குப் பிடிக்காத இன்டர்ஃபேஸை அழிப்பதில்லை. ஒவ்வொரு வரியின் முன்னாலும் ### போட்டு முடக்கிவைத்து, ஏன் முடக்கியது என்று மேலே ஒரு வரியும் எழுதியிருக்கும். அந்த வரியைப் படிக்காமல் உதவி கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். காரணத்தைப் பொறுத்து:

*நிர்வாக ரீதியாக டவுன் என்றால்:* போர்ட்டை யாரோ ஷட்டவுன் செய்திருக்கிறார்கள். கோப்பைத் திருத்த வேண்டியதில்லை, போர்ட் தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

*இயக்க ரீதியாக டவுன் என்றால்:* நீங்கள் கட்டளை ஓட்டிய நேரத்தில் அந்தப் போர்ட்டில் ஒன்றும் செருகியிருக்கவில்லை, அல்லது எதிர்ப்பக்கப் பெட்டி அணைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத அலுவலகத்தில் கோப்பு உருவாக்கினால் பாதிப் போர்ட் இப்படித்தான் போகும். --ஷோ-ஆப்-டவுன் சேர்த்து ஓட்டுங்கள். --நோ-டவுன் என்றால் இரண்டு நிலையையும் பார்க்காமல் எல்லாவற்றையும் சேர்த்துவிடும், 48 போர்ட் ஸ்விட்ச்சில் வேண்டாத கிராஃபாகக் குவியும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

*வேகம் 0, அர்த்தமில்லை என்றால்:* சாதனம் வேகத்தைச் சொல்லவில்லை. விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ்களில் சகஜம். --சீரோ-ஸ்பீட்=100000000 என்று கொடுத்தால் அப்படிப்பட்டவற்றுக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளும். உண்மையான வேகம் தெரிந்தால் அதைக் கொடுங்கள், விநாடிக்கு எத்தனை பிட் என்ற கணக்கில்.

*லூப்பேக் என்றால்:* விடுங்கள்.

அந்த ### வடிவத்திலும் போர்ட் இல்லையென்றால் சாதனத்தின் பட்டியலிலேயே அது இல்லை. அறிகுறி 2-இல் சொன்ன எண்ணை வாக் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அங்கேயும் இல்லையென்றால், அதுவும் புதிதாகச் செருகிய மாட்யூல் என்றால், சாதனத்தை விற்றவரின் சப்போர்ட்டைக் கூப்பிட வேண்டியதுதான்.

## அறிகுறி 4: கொடுத்த ஆப்ஷனை மதிக்கவே இல்லை

எரர் எதுவும் வராது. --ஐஎஃப்ரெஃப்=நேம் கொடுத்திருப்பீர்கள், கோப்பில் பழையபடி எண்தான் இருக்கும்.

வரிசையைப் பாருங்கள். --குளோபல், --அவுட்புட் இரண்டைத் தவிர மற்ற எல்லா ஆப்ஷனும் தனக்குப் பின்னால் வரும் ரவுட்டர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். ரவுட்டர் முகவரியை எழுதிவிட்டுக் கடைசியில் ஆப்ஷன் போட்டால் அது யாருக்கும் இல்லாத ஆப்ஷன். ஆப்ஷன்கள் முன்னால், முகவரி கடைசியில். இது தொல்லை மாதிரி தெரிந்தாலும் வசதிதான். ஒரே கட்டளையில் முதல் ரவுட்டருக்கு ஒரு கம்யூனிட்டி, அடுத்ததற்கு வேறு என்று மாற்றிக்கொண்டே போகலாம்.

வரிசை சரியாக இருந்தால் மேற்கோள் குறி. --ஐஎஃப்-ஃபில்டருக்குக் கொடுக்கும் நிபந்தனை பெர்ல் மொழியில் இருக்கும், டாலர் குறியோடு தொடங்கும். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் ஷெல் அதைத் தன்னுடைய மாறி என்று நினைத்துக் காலியாக்கிவிடும். ஒற்றை மேற்கோள் போடுங்கள். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நேர்மாறு, அங்கே இரட்டை மேற்கோள்தான். இணையத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய கட்டளை என்றால் மேற்கோள் குறிகள் வளைந்திருக்கின்றனவா, இரண்டு சிறு கோடுகள் ஒரே நீளக் கோடாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்து, கையால் மறுபடி தட்டுங்கள்.

## அறிகுறி 5: கோப்பு நன்றாக இருக்கிறது, எம்ஆர்டிஜி ஏற்க மறுக்கிறது

"லாங் யுடிஎஃப்-8-இல் இருந்தால் சரியாக வேலை செய்யாது" என்று வந்தால்: பிழைச் செய்தியிலேயே மருந்தும் இருக்கிறது. கட்டளைக்கு முன்னால் என்வ் லாங்=சி என்று சேர்த்து ஓட்டுங்கள். டெஸ்க்டாப்பைத் தமிழில் வைத்திருப்பவர், ஆங்கிலத்தில் வைத்திருப்பவர் இருவருக்குமே இது வரும். இன்றைய லினக்ஸில் அநேகமாக எல்லா மொழியமைப்பும் யுடிஎஃப்-8-தான். எம்ஆர்டிஜியை நேரத்துக்கு நேரம் ஓட்டும் கிரான் வரியிலும் சேர்க்க மறக்காதீர்கள்.

"வொர்க்டிர் நாட் ஸ்பெசிஃபைடு" என்று வந்தால்: சிஎஃப்ஜிமேக்கர் அந்த வரியை எழுதித்தான் தரும், ஆனால் முன்னால் ஹேஷ் போட்டு முடக்கி. ஹேஷை எடுத்துவிட்டு உங்கள் வலை அடைவின் பாதையைக் கொடுங்கள். அடுத்த முறை --குளோபல் ஆப்ஷனில் வொர்க்டிர் வரியை நீங்களே கொடுத்துவிட்டால் இந்த வேலை இருக்காது. அந்த அடைவு உண்மையில் இருக்க வேண்டும், எம்ஆர்டிஜி ஓடும் பயனருக்கு அதில் எழுத உரிமையும் வேண்டும்.

"சிஎஃப்ஜி எரர், அன்நோன் ஆப்ஷன், ஆன் லைன் இத்தனை ஆர் அபவ்" என்று வந்தால்: "ஆர் அபவ்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சொன்ன வரியில் ஒன்றும் இருக்காது, அதற்கு மேலே இருக்கும். இந்தக் கோப்பில் இடைவெளியோடு தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சி. கையால் திருத்தும்போது வரியின் முதலில் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்திருக்கும், அல்லது தொடர்ச்சி வரிக்கு முன்னால் இருந்த இடைவெளி போயிருக்கும்.

ரேட்அப் வார்னிங், லாக் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று வந்தால்: புதுக் கோப்பில் முதல் இரண்டு ஓட்டங்களுக்கு வரும். பழைய லாக் (முந்தைய எண்களைச் சேமித்து வைக்கும் கோப்பு) இல்லாததால் வரும் முனகல் அது. மூன்றாவது ஓட்டத்திலும் வந்தால் மட்டும் அடைவின் உரிமைகளைப் பாருங்கள்.

## அறிகுறி 6: கிராஃப் வருகிறது, எண் நம்பும்படி இல்லை

இங்கே நான்கு தனித்தனி நோய்கள். கோட்டின் வடிவத்தை வைத்தே பிரித்துவிடலாம்.

### கோடு அடியிலேயே கிடக்கிறது

வேறு போர்ட்டைப் பார்க்கிறீர்களா என்பது முதல் கேள்வி. போர்ட் பெயருக்குப் பதிலாக எண் மட்டும் தெரிந்தால் இந்தக் குழப்பம் வரும். --ஐஎஃப்டெஸ்க்=அலையாஸ் கொடுத்தால் ஸ்விட்ச்சில் நீங்கள் எழுதிவைத்த விவரணை தலைப்பில் வரும், போர்ட்டை அடையாளம் காண்பது எளிது. சரியான போர்ட்தான், ஆனால் அது விலான் இன்டர்ஃபேஸ் என்றால், பல லேயர்-3 ஸ்விட்ச்களில் வன்பொருளிலேயே கடந்துபோகும் போக்குவரத்து அந்தக் கணக்கில் ஏறாது. கீழே இருக்கும் நிஜப் போர்ட்டைக் கண்காணியுங்கள்.

### கோடு ஒரே மட்டத்தில், ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி போகிறது

புது மதிப்பு கிடைக்காதபோது எம்ஆர்டிஜி கடைசியாகக் கிடைத்ததையே திரும்பத் திரும்ப எழுதும். அதனால் நேர்க்கோடு என்றால் தரவு வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்ஷன்களில் அன்க்நாஸ்சீரோ சேர்த்தால் அந்த இடத்தில் பூஜ்யம் எழுதும்.

தரவு ஏன் வரவில்லை? சாதனம் பதில் சொல்லவில்லை என்றால் அறிகுறி 1-க்குப் போங்கள். பதில் சொல்கிறது, ஆனாலும் கோடு நேராக இருக்கிறது, அதுவும் போக்குவரத்து கூடும்போது மட்டும் அப்படி ஆகிறது என்றால் மேக்ஸ்பைட்ஸ் வரியைப் பாருங்கள். அதைவிடப் பெரிய எண் வந்தால் எம்ஆர்டிஜி நம்பாமல் தூக்கி எறிந்துவிடும். சிஎஃப்ஜிமேக்கர் அந்த எண்ணைச் சாதனம் சொல்லும் வேகத்தை எட்டால் வகுத்து எழுதுகிறது. 100 மெகாபிட் போர்ட்டுக்கு 12500000 இருக்க வேண்டும்.

சாதனம் சொல்லும் வேகம் பொய்யாக இருப்பது நிறைய. பழைய சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் டனல் இன்டர்ஃபேஸ் தன் வேகம் 9 கிலோபிட் என்று சொல்லும். கோப்பில் 1125 என்று விழும், அந்த டனலில் எதை அனுப்பினாலும் கிராஃபில் ஏறாது. சீரியல் போர்ட் 1544 கிலோபிட் என்று சொல்லும், கோப்பில் 193000. லினக்ஸில் நெட்-எஸ்என்எம்பிக்கு வேகம் தெரியாவிட்டால் 10 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளும்.

மலிவான வழி, கோப்பில் மேக்ஸ்பைட்ஸ் எண்ணைக் கையால் திருத்துவது. லினக்ஸ் பெட்டி என்றால் எஸ்என்எம்பிடி.கான்ஃபில் இன்டர்ஃபேஸ் என்ற வரியில் பெயர், வகை எண், வேகம் மூன்றையும் எழுதிவிட்டால் மூலத்திலேயே சரியாகிவிடும். சிஸ்கோவில் பேண்ட்விட்த் கட்டளையால் திருத்தலாம், ஆனால் அதைத் தொடும் முன் நெட்வொர்க் எஞ்சினியரைக் கேளுங்கள். ஓஎஸ்பிஎஃப், ஈஐஜிஆர்பி என்ற ரூட்டிங் நெறிமுறைகள் இரண்டும் அந்த எண்ணை வைத்துத்தான் எந்தப் பாதை நல்லது என்று கணக்குப் போடுகின்றன. கிராஃப் அழகாக வர வேண்டும் என்று மாற்றப்போய் கிளை அலுவலகப் போக்குவரத்து முழுக்க பேக்கப் லைனுக்குத் தாவினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

### 114 மெகாபிட்டுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது

கிகாபிட் லிங்க். நெரிசல் நேரத்தில் கிராஃப் ஏறி, 114-ஐ ஒட்டி வந்ததும் விழுந்து, தாறுமாறாக ஆடும். இது 32 பிட் எண்ணியின் (கவுண்டரின்) வேலை. 4,294,967,296 பைட் எண்ணியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 100 மெகாபிட்டில் அதற்கு 343 விநாடி ஆகும், ஐந்து நிமிட இடைவெளிக்குள் வராது. முழு கிகாபிட்டில் 34 விநாடி போதும். இடையில் எத்தனை முறை சுற்றியது என்று எம்ஆர்டிஜிக்குத் தெரிய வழியில்லை.

கோப்பில் அந்தப் போர்ட்டின் டார்கெட் வரியின் (எதை, எங்கே கேட்பது என்று சொல்லும் வரி) முடிவில் :::::2 இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வெர்ஷன் 1, அதில் 64 பிட் எண்ணி கிடையாது. அறிகுறி 1-இல் சொன்னபடி 2 சேர்த்துக் கோப்பை மறுபடி உருவாக்குங்கள். 2 இருந்தும் இப்படி என்றால் 1.3.6.1.2.1.31.1.1.1.6 என்ற எண்ணை வாக் செய்யுங்கள். பதில் வந்தால் சாதனத்திடம் 64 பிட் இருக்கிறது, கோப்புதான் பழையது. பதில் வராவிட்டால் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு உண்டா என்று தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டும். இல்லையென்றால் கேள்வி கேட்கும் இடைவெளியைக் குறைக்கலாம், கடைசி வழி ஸ்விட்ச்சை மாற்றுவது. இந்தக் கட்டுரையிலேயே செலவு அதிகமான வரி இதுதான், அதனால் அதற்கு முன்னால் உள்ளவற்றை இரண்டு தடவை பாருங்கள்.

### இணைப்பு கொடுத்தவர் சொல்லும் எண்ணும் இதுவும் எட்டு மடங்கு வேறுபடுகின்றன

பைட், பிட். கோப்பின் மேலே ஆப்ஷன்ஸ்[_] வரியில் பிட்ஸ் சேர்த்தால் முடிந்தது. அப்படியே க்ரோரைட்டும் சேர்த்துவிட்டால் கிராஃப் இடமிருந்து வலமாக ஓடும், நேரம் தலைகீழாக இருக்கிறதே என்று மேலாளர் கேட்பது நிற்கும்.

## அறிகுறி 7: ரவுட்டர் ரீபூட் ஆனதும் கிராஃப்கள் இடம் மாறிவிட்டன

நேற்றுவரை இன்டர்நெட் போர்ட் என்று காட்டிய படத்தில் இன்று சிசிடிவி போக்குவரத்து. அல்லது லாக்கில் "நோசச்நேம்" என்றோ "டிட் நாட் ஈவல் இன்டு டிஃபைன்டு டேட்டா" என்றோ வரிகள்.

சிஎஃப்ஜிமேக்கர் சொல்லாவிட்டால் போர்ட்டை அதன் வரிசை எண்ணால்தான் குறித்துக்கொள்ளும். ரீபூட், புது மாட்யூல், புது டனல் என்று எது வந்தாலும் அந்த எண் மாறலாம். லினக்ஸில் விபிஎன் இன்டர்ஃபேஸ் ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் புது எண் வாங்கும்.

உடனடித் தீர்வு, கோப்பை மறுபடி உருவாக்குவது. நிரந்தரத் தீர்வு, --ஐஎஃப்ரெஃப்=நேம் கொடுத்து உருவாக்குவது. அப்போது டார்கெட் வரியில் எண்ணுக்குப் பதிலாக ஹேஷ் குறியோடு போர்ட்டின் பெயர் வரும். அதற்கு முன் 1.3.6.1.2.1.31.1.1.1.1-ஐ வாக் செய்து, பெயர்கள் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சில மலிவு ஸ்விட்ச்களில் எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே பெயர் இருக்கும். அப்படியென்றால் டெஸ்க்ர், அதுவும் சரிப்படாவிட்டால் ஐபி என்று முயலுங்கள். சிஸ்கோவில் ஐஎஃப்இன்டெக்ஸ் பெர்சிஸ்ட் என்ற அமைப்பை இயக்கிச் சேமித்துவிட்டால் ரீபூட்டிலும் எண் மாறாது.

இப்படி மாற்றும்போது டார்கெட்டின் பெயரும் மாறும், லாக் கோப்பு புதிதாகத் தொடங்கும். இரண்டு வருட வரலாறு வேண்டும் என்றால், எம்ஆர்டிஜியை நிறுத்திவிட்டுப் பழைய லாக் கோப்புகளுக்குப் புது டார்கெட் பெயரை வையுங்கள். கான்ஃபிக்கில் பெரிய எழுத்து இருந்தாலும் வட்டில் எல்லாம் சிறிய எழுத்தாகத்தான் இருக்கும். எந்த லாக் எந்தப் போர்ட்டுடையது என்று சந்தேகம் இருந்தால் மாற்றாதீர்கள், வரலாறு கலந்துவிட்டால் பிரிக்க முடியாது.

## அறிகுறி 8: மறுபடி ஓட்டியதும் கைத்திருத்தங்கள் எல்லாம் போயின

நகல் இருந்தால் டிஃப் போட்டு எடுங்கள். இல்லையென்றால் போனதுதான்.

இனி வராமல் இருக்க: கையால் எழுதும் டார்கெட்டுகளைத் தனிக் கோப்பில் வைத்து, இன்க்ளூட் வரியால் சேர்த்துக்கொள்ளுங்கள். சிஎஃப்ஜிமேக்கர் எழுதும் கோப்பைக் கையால் தொடவே வேண்டாம். முன்பு எந்தக் கட்டளையால் உருவாக்கினோம் என்பது மறந்துவிட்டால் கோப்பின் தலையில் "கிரியேட்டட் பை" என்ற வரிக்குக் கீழே முழுக் கட்டளையும் இருக்கும். அதை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டாகப் போட்டு வைத்துவிடுங்கள்.

## அறிகுறி 9: "இன்னொரு எம்ஆர்டிஜி ஓடுகிறது போலிருக்கிறது" என்று பூட்டுக் கோப்பைக் காட்டுகிறது

ஒரு முறை மட்டும் வந்தால், ஓட்டம் பாதியில் அறுந்து பூட்டுக் கோப்பு (லாக்ஃபைல், முன்னே சொன்ன லாக் கோப்பு இல்லை) மிச்சமாகியிருக்கும். பிஎஸ் போட்டு வேறு எம்ஆர்டிஜி ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள்.

அடிக்கடி வந்தால், ஒரு சுற்று ஐந்து நிமிடத்தில் முடியவில்லை. பதில் சொல்லாத சாதனங்களுக்காகக் காத்திருப்பதிலேயே நேரம் போகிறது. செத்த சாதனங்களைக் கோப்பிலிருந்து எடுங்கள், அது இலவசம். போதவில்லை என்றால் ஃபோர்க்ஸ்: 4 என்று ஒரு குளோபல் வரி சேர்த்தால் லினக்ஸில் நான்கு பேராகப் பிரிந்து கேட்கும். அப்புறமும் போதாவிட்டால் தளம் வாரியாகக் கோப்பைப் பிரித்துத் தனித்தனி கிரான் வரியில் ஓட்டுங்கள்.

## வெளியாளிடம் அனுப்பும்போது

மேலே எங்கெல்லாம் கூப்பிடச் சொன்னேனோ அங்கெல்லாம் வெறும் "வேலை செய்யவில்லை" என்று டிக்கெட் போட்டால், "பிங் போகிறதா" என்று ஒரு பதில் வரும், அதோடு ஒரு நாள் போகும். சாதனத்தின் மாடலும் ஃபர்ம்வேர் பதிப்பும், நீங்கள் ஓட்டிய வாக் கட்டளையும் அதன் வெளியீடும், டிசிபிடம்ப்பில் கேள்வியும் பதிலும் தெரியும் சில வரிகள், கான்ஃபிக்கில் அந்தப் போர்ட்டுக்கான பகுதி, இவை எல்லாவற்றையும் முதல் மடலிலேயே சேர்த்துவிடுங்கள்.

சேர்க்கும் முன் கம்யூனிட்டி சொல்லை மறையுங்கள். அது டார்கெட் வரிகளில் மட்டும் இல்லை, கோப்பின் தலையில் இருக்கும் கட்டளை வரியிலும் அப்படியே இருக்கும். வாக் கட்டளையிலும் இருக்கும், டிசிபிடம்ப் வெளியீட்டிலும் படிக்கும்படி இருக்கும். இதே காரணத்துக்காக சர்வரில் அந்தக் கான்ஃபிக் கோப்பின் உரிமையையும் 640 ஆக்கிவிடுங்கள்.